இமை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண் இயல்பாக இருக்கிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

2025 ஜனவரி 18. தொண்டி வாசகியின் கேள்வி

வயது 46. மேல் இமையில் தோல் தளர்ந்து இமை மயிரின் மேல் படிகிறது. அதை எடுக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நினைக்கிறேன். மருத்துவமனைகள் வெளியிடும் முன் படம், பின் படம் நிறையப் பார்த்துவிட்டேன். தழும்பு தெரியவில்லை என்றால் நன்றாக வந்திருக்கிறது என்றுதானே பொருள், படம் பொய் சொல்லுமா என்கிறார் என் கணவர். அலங்காரத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியுமா?

2025 ஜனவரி 18, இரவு

தெரியும் சகோதரி. ஆனால் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் தழும்பு அல்ல.

உச்சிப்புளியில் இருந்துகொண்டு தேவிபட்டினம் முதல் கீழக்கரை வரை கல்யாண வீடுகளுக்கு மணப்பெண் அலங்காரம் செய்யப் போகிறவள் நான். என் முன்னால் உட்காருகிறவர்கள் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள். மூடிய இமையை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் மருத்துவர்களுக்கு அடுத்து நாங்கள்தான்.

மேல் இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கீறலை இமையின் இயற்கையான மடிப்பிலேயே போட்டுத் தைக்கிறார்கள். தேர்ந்த கையாக இருந்தால் சில மாதங்களில் தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். நேராகப் பார்க்கும் படத்தில் அந்த மடிப்பின் உள்பக்கம் தெரியவே தெரியாது. ஆகவே "தழும்பு தெரியவில்லை" என்பதை அந்தப் படத்திலிருந்து சொல்ல வழியில்லை.

இன்னொன்று. படத்தில் கண் திறந்து அசையாமல் இருக்கிறது. இமையோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முறை மூடித் திறக்கிற உறுப்பு. அது இறங்குவதையும் மூடுவதையும் பார்க்காமல் இயல்பாக இருக்கிறது என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. மருத்துவரிடம் கண் மூடிய படத்தையும் கீழே பார்க்கும் படத்தையும் கேளுங்கள். அசையும் காட்சியாகவே தந்தால் இன்னும் நல்லது. இருக்கிறது என்று எடுத்துக் காட்டுகிறவரிடம் நம்பிப் பேசலாம்.

2025 ஜனவரி 19

முன் படம், பின் படம் பற்றி விடுபட்டது. பல படங்களில் முன் படம் தலைக்கு மேல் விளக்கு, வெறும் முகம், களைத்த பார்வை. பின் படத்தில் எதிர்வெளிச்சம், இமை மயிருக்கு மை, சற்றே உயர்த்திய புருவம். எதிரிலிருந்து அடிக்கும் வெளிச்சம் இமைக்கு மேலே விழும் நிழலை அழித்துவிடும். பள்ளமும் தெரியாது, தொங்கலும் தெரியாது. அறுவை இல்லாமலே ஒருவரை ஐந்து வயது இளையவராகக் காட்ட எனக்கு அந்த விளக்கு ஒன்று போதும். இரண்டு படத்திலும் புருவம் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் அந்த இரண்டையும் ஒப்பிடவே வேண்டாம்.

2025 ஜனவரி 21

"மூடிய கண்ணில் என்ன தெரிந்துவிடப் போகிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் குடும்பமும் வேண்டாம்.

ஒரு கல்யாணம். பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. வெளியூரில் இமை அறுவை செய்துகொண்டு வந்திருந்தாள், அரை வருடம் ஆகியிருந்தது. எதிரே உட்கார்ந்து பேசும்போது கண் பெரிதாக, அழகாகத்தான் இருந்தது. மேல் இமைக்கும் புருவ எலும்புக்கும் நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தது. கொழுப்பை அளவுக்கு மேல் எடுத்தால் அப்படித்தான் ஆகும். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முகத்தில் அறுபது வயதுக் குழி. அந்த இடத்தில் எந்த நிறம் பூசினாலும் நிழல் இன்னும் கறுத்தது.

பிறகு கண்ணை மூடச் சொன்னேன். மூடினாள். இமை மயிருக்குக் கீழே, மெல்லிய நூல் கனத்துக்கு, வெள்ளை விழி ஓடியது. "நன்றாக மூடும்மா" என்றேன். "மூடித்தானே இருக்கிறேன் அக்கா" என்றாள். தூரிகை பட்டதும் கடைக்கண்ணில் நீர் கோத்து இறங்கியது. தூங்கி எழுந்தால் கண் உறுத்துகிறது என்றும், மின்விசிறிக்கு நேரே படுக்க முடியவில்லை என்றும் அப்போதுதான் சொன்னாள். இத்தனை நாளும் அது அறுவைக்குப் பிறகு எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

தாலி கட்டும் நேரத்தில் தலையைக் குனிந்தபோது மறுபடியும் பார்த்தேன். பார்வை கீழே போகும்போது மேல் இமையும் கூடவே வழுக்கி இறங்க வேண்டும். அவளுடைய இமை பாதியில் நின்றது. குனிந்த பெண் முறைத்துப் பார்ப்பதுபோல இருந்தது, பாவம். அவளுடைய மனதில் அப்படி எதுவும் இல்லை.

கல்யாணம் முடிந்து இமை சிகிச்சை தெரிந்த கண் மருத்துவரிடம் போனார்கள். இரவில் களிம்பு, பகலில் சொட்டு மருந்து, அதற்கும் சரியாகாவிட்டால் தோல் ஒட்ட வேண்டியிருக்கும் என்றாராம். குறைவாக எடுத்தால் பிறகு கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக எடுத்ததைத் திரும்ப வைப்பது ரவிக்கைத் துணியைக் குறைத்து வெட்டிவிட்டு ஒட்டுப் போடுவதுதான், ஒட்டு தெரியத்தான் செய்யும்.

2025 ஜனவரி 22

நேற்று எழுதியதைப் படித்துப் பயந்துவிட்டதாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். முதல் சில வாரங்களில் வீக்கத்தால் இமை முழுவதும் மூடாமல் இருப்பது உண்டு. பெரும்பாலும் தானாகச் சரியாகும். மாதக் கணக்கில் நீடிப்பதுதான் கவலைப்பட வேண்டியது.

2025 ஜனவரி 24

அளவு கேட்டவருக்கு. பாடப்புத்தகங்களில் உள்ள பொது அளவுகள்தான் இவை. இமை நடுவில் மயிர் வரிசையிலிருந்து மடிப்பு வரை பெண்களுக்கு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர், ஆண்களுக்கு இன்னும் தாழ்வு. நேராகப் பார்க்கும்போது மேல் இமை கருவிழியின் மேல் ஓரத்தை 1 முதல் 2 மில்லிமீட்டர் மூடியிருக்கும். கீழ் இமை கருவிழியின் கீழ் ஓரத்தைத் தொட்டு நிற்கும், நடுவில் வெள்ளை தெரியாது. கடைக்கண் மூக்கோர முனையைவிடச் சற்று உயரமாக இருக்கும். புருவத்தின் கீழ் ஓரத்திலிருந்து இமை மயிர் வரை ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தோல் மிச்சமிருந்தால்தான் இமை தாராளமாக மூடும் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஸ்கேலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்காதீர்கள். உங்கள் கண்ணுக்கு அளவுகோல் உங்கள் பழைய படம்தான். இருபத்தைந்து, முப்பது வயதில் எடுத்ததைத் தேடி எடுத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அப்போதே உங்கள் மடிப்பு தாழ்வாக இருந்திருந்தால், இப்போது 10 மில்லிமீட்டரில் மடிப்பு வைத்தால் அது வேறு யாருடைய கண்ணோ ஆகிவிடும்.

2025 பிப்ரவரி 2

இமை அறுவை செய்துகொண்ட என் சின்னம்மாவின் கதையை எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

மண்டபத்தில் கருவாடு மொத்த வியாபாரம் செய்கிறார். வெயிலும் உப்புக் காற்றும் தின்ற தோல். இமை கடைக்கண் பக்கம் மடிந்து விழுந்து, பக்கவாட்டில் வண்டி வருவது தெரியாமல் ஒருமுறை தடுமாறியிருக்கிறார். தராசு முள்ளைப் பார்க்க நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கிக்கொண்டே இருப்பார். அதனால் நெற்றியில் வரி வரியாக விழுந்திருந்தது. அழகு பாதி, பார்வை பாதி என்றுதான் போனார். இரண்டையும் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொன்னது நல்லதாகப் போயிற்று.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது, கருவாட்டு வரத்தும் குறைந்துவிடும். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அந்தத் தொடக்கத்தில் செய்துகொண்டார்.

முதல் வாரம் பார்க்கவே முடியாது. கன்றிப்போய் நீலமும் மஞ்சளுமாக இருந்தது. ஒரு வாரம் போலக் கழித்துத் தையலை எடுத்தார்கள். மாதம் முடியும்போது வீக்கம் வடிந்ததுபோல இருந்தது, ஆனால் மடிப்பு மிக உயரத்தில் நின்றது. "என் முகத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று அழுதார். நானும் உள்ளுக்குள் அப்படியே நினைத்தேன், வெளியே சொல்லவில்லை. மருத்துவர் பதறவில்லை. மடிப்புக்குக் கீழே இமையில் தங்கியிருக்கும் வீக்கம் மடிப்பை உயர்த்திக் காட்டும், அது வடிய வடிய இறங்கும் என்றார். மூன்றாம் மாதம் இறங்கித்தான் இருந்தது. தழும்பின் சிவப்பு போக இன்னும் நாளாயிற்று. ஆகவே மூன்று மாதத்துக்கு முன் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லாதீர்கள், கெட்டுவிட்டது என்றும் சொல்லாதீர்கள்.

இதில் நான் கவனித்த ஒன்று எனக்கு இன்னும் வியப்பு. இமை லேசானதும் அவருடைய புருவம் கீழே இறங்கிவிட்டது! தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனதும் நெற்றித் தசை ஓய்ந்துவிட்டது. நெற்றி வரி பாதி மறைந்தது. ஆனால் புருவம் இறங்கியதால் இமையில் எடுத்த இடத்தில் கொஞ்சம் தோல் மறுபடி நிரம்பியது. மருத்துவர் இதை முன்பே சொல்லியிருந்தார். நெற்றியைத் தளர்த்தி, கண்ணை மூடி, மெல்லத் திறக்கச் சொல்லி, புருவம் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் கோடு போட்டார். உட்கார வைத்துப் போட்ட கோடு. படுக்க வைத்தால் தளர்ந்த தோல் எல்லாம் பின்னுக்கு ஓடிவிடும்.

2025 பிப்ரவரி 3

சின்னம்மா இதைப் படித்துவிட்டுச் சேர்க்கச் சொன்னது. அவருடைய இடது மடிப்பு வலதைவிடக் கொஞ்சம் உயரம். தையலில் பிசகோ என்று பார்த்தால் அவருடைய கல்யாணப் படத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. இரண்டு கண்ணும் அச்சாக ஒன்றுபோல் இருப்பவரை நான் என் தொழிலில் பார்த்ததே இல்லை. அறுவைக்கு முன் யாரும் இதைக் கவனிப்பதில்லை, பிறகு கண்ணாடியை விட்டு நகர்வதில்லை. முன்பே கவனித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2025 பிப்ரவரி 5

தழும்பு மறைந்துவிடும் என்று முதல் நாள் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். கடைக்கண்ணைத் தாண்டி வெளியே தோல் தொங்கினால் கீறலும் அங்கே வரை நீள வேண்டும். அங்கே தோல் இமைத் தோலைப்போல மெல்லியதல்ல, மறைக்க மடிப்பும் இல்லை. சின்னம்மாவுக்கு அந்த வால் பகுதி மட்டும் கறுத்த கோடாக நெடுநாள் தெரிந்தது. நம் நிறத்துக்குக் காயம் ஆறும்போது கறுப்பது வழக்கம். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். கறுப்புக் கண்ணாடியும் குடையும் இல்லாமல் கடற்கரைப் பக்கம் போகக்கூடாது. மூக்கோரம் கீறல் அளவு மீறிப் போனால் அங்கே தோல் சவ்வுபோல இழுத்து நிற்கும், அதை மறைப்பது எங்களுக்கும் கடினம். தையல் வழியில் வெள்ளையாகக் கடுகளவு பருக்கள் வந்தால் கிள்ள வேண்டாம், மருத்துவர் எளிதாக எடுத்துவிடுவார்.

கண் மை, சுருமா பற்றிக் கீழக்கரையிலிருந்து கேட்டவருக்கு: தையல் எடுத்தாலும் மருத்துவர் சரி என்னும் வரை தொடாதீர்கள். பழைய சுருமாச் சிமிழை அப்புறமும் தொடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

2025 பிப்ரவரி 16

"யாரும் கண்டுபிடிக்காததுதான் நல்ல அறுவை" என்று ஒருவர் அழுத்தமாக எழுதியிருக்கிறார். எனக்கு அது போதாது. சின்னம்மாவின் கடைக்கு வருகிறவர்கள் மாற்றத்தைக் கண்டார்கள். "ஊருக்குப் போய் நன்றாக ஓய்வெடுத்தீர்களா?", "சர்க்கரை குறைந்துவிட்டதா?" என்று கேட்டார்கள். இமையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முகம் தெளிந்திருக்கிறது, ஆள் அதே ஆள். அந்தக் கல்யாணப் பெண்ணைப் பார்த்தவர்களும் அறுவை என்று கண்டுபிடிக்கவில்லை. "பெண் ஏன் இப்படி முறைக்கிறாள்?" என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். கண்டுபிடிக்கப்படாததால் அவளுக்கு என்ன லாபம்?

2025 பிப்ரவரி 17

ஆண்களுக்கு. என் கணவரின் நண்பர் ஒருவர், படகு வைத்திருப்பவர், இதையெல்லாம் படித்துவிட்டுத் தனக்கும் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம். ஆனால் ஆண் முகத்தில் புருவம் தாழ்வாக, மடிப்பும் தாழ்வாக இருக்கும். மடிப்புக்கும் மயிருக்கும் நடுவே தெரியும் இமைப் பரப்பு குறைவு. பெண்ணுக்கு எடுக்கும் கணக்கில் எடுத்தால் மை தீட்டிய கண்போல ஆகிவிடும். கொஞ்சம் தோலை விட்டுவைக்கச் சொல்லுங்கள். கடலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கடைக்கண் வரிகள் இதில் போகாது. போக வேண்டியதும் இல்லை என்பது என் எண்ணம், அவருக்கு அவை நன்றாகவே இருக்கின்றன.

அவருக்கு வெள்ளை விழியில் மூக்கோரமிருந்து சதையும் வளர்ந்திருக்கிறது. வெயில், காற்று, மணலில் நாள் முழுதும் இருப்பவர்களுக்கு இந்தக் கரை நெடுக இருக்கிறது. இமைக்கு முன்னால் அதைக் காட்டச் சொன்னேன்.

2025 மார்ச் 1

தொண்டி வாசகி அனுப்பிய படங்களில் பாதி கொரியா, ஜப்பான் முகங்கள். அங்கே செய்வது பெரும்பாலும் மடிப்பே இல்லாத இமையில் புதிதாக மடிப்பு உண்டாக்கும் அறுவை. ஜப்பானில் மிகாமோ என்ற மருத்துவர் 1896இலேயே அதை எழுதி வெளியிட்டிருக்கிறார். நமக்கு மடிப்பு ஏற்கனவே இருக்கிறது, தளர்ந்த தோல்தான் சிக்கல். அந்தப் படங்களை வைத்து இங்கே கேட்டால் மருத்துவர் என்ன செய்வார்? தள்ளி வையுங்கள்.

2025 மார்ச் 9

காலமும் தூரமும். இதை நம் கரைக்காரர்களுக்கு யாரும் எழுதுவதில்லை.

இமை அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் கண் உலர்ந்து உறுத்தும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பிவிட்டால் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் மணல் முகத்தில் அறையும். அதற்கு முன் ஆறு வாரமாவது கிடைக்கும்படி நாள் குறியுங்கள். ஏற்கனவே கண் உலர்வு இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், எடுக்கும் தோலின் அளவே அதனால் மாறும்.

இதைவிட முக்கியம், அறுவை முடிந்த இரவு. மிக அரிதாகக் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கட்டும். தாங்க முடியாத வலி, கண் பிதுங்குவது, பார்வை மங்குவது என்று வரும். பெரும்பாலும் முதல் நாளிலேயே வரும். உடனே கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல், பாம்பனில் இருந்தால் இன்னும் தூரம். மதுரையில் செய்துகொண்டு அன்று மாலையே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவது நம் ஆட்களின் வழக்கம். இதில் அது வேண்டவே வேண்டாம். முதல் இரவு மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்குங்கள். ஆஸ்பிரின் போல இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது, இதயத்துக்குக் கொடுத்தது யாரோ அவரையும் கேட்க வேண்டும்.

2025 மார்ச் 10

கண் மருத்துவரிடம் போவதா, பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடம் போவதா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. இமை கண்ணுக்குக் காவல், ஆகவே கண்ணைப் படித்தவர் ஒருமுறை சோதித்துவிட வேண்டும் என்பது மட்டும் என் பிடிவாதம். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இமை, கண்குழி சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நல்ல பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களும் இருக்கிறார்கள். மூடிய கண் படத்தைக் கேட்டால் இருவருக்கும் பொதுவான சோதனை முடிந்தது.

2025 மார்ச் 29

தொண்டி வாசகி கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். தோல் தளர்வு கொஞ்சம்தானாம். வலது இமையைத் தூக்கும் தசையின் பிடிப்பே தளர்ந்து, இமை ஓரமே கருவிழி மேல் இறங்கியிருக்கிறதாம். தோலை மட்டும் எடுத்தால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது சகோதரி. தோலை மட்டும் எடுத்தால் மடிப்பு தெளிவாகும், கண் அரைத் தூக்கத்திலேயே இருக்கும். தூக்குத் தசையை இறுக்கித் தைப்பது வேறு வேலை. உங்கள் மருத்துவர் வலது இமையை விரலால் தூக்கிப் பிடித்து இடது இமை இறங்குகிறதா என்று பார்த்தாரா? இரண்டு இமைக்கும் மூளை ஒரே அளவில்தான் கட்டளை அனுப்புகிறது. வலதைத் தூக்கப் பாடுபட்டதால்தான் இடது நன்றாக நின்றிருந்தால், வலதைச் சரிசெய்ததும் இடது இறங்கும். பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா என்பது அதில்தான் முடிவாகும்.

அறுவைக்கு முன் வீட்டிலேயே படம் எடுத்து வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே, வெறும் சுவர் முன்னால், மை இல்லாமல். கைப்பேசியை முகத்துக்கு அருகில் பிடித்துத் தானே எடுக்காமல், உங்கள் கணவரை ஐந்தடி தள்ளி நின்று கண் உயரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நேரே, மேலே, கீழே, மெல்ல மூடி, இறுக மூடி, இரண்டு பக்கவாட்டிலும். பிறகு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு நிமிடக் காட்சி. அதே இடம், அதே நேரம், அதே வெளிச்சத்தில் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் எடுங்கள்.

கீழ் இமைப் பையையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். உள்பக்கமாகக் கொழுப்பை எடுத்தால் வெளியே தழும்பு இராது, உண்மைதான். ஆனால் கீழ் இமை தளர்ந்தவர்களுக்குத் தோலையும் சேர்த்து எடுத்தால் இமை கீழே இழுபட்டு, கருவிழிக்குக் கீழ் வெள்ளை தெரியும், கடைக்கண் உருண்டுவிடும். கீழ் இமையை முன்னால் இழுத்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சட்டென்று திரும்பி ஒட்டிக்கொள்கிறதா என்று. மேல் இமை முழுதும் ஆறிய பிறகு அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.